ஆவாரம்பூ நிறக் கதவு

பெயிண்ட் டப்பா மூடியைத் திறந்ததும் கிறிஸ்துதாஸ் சுண்டுவிரலை உள்ளே விட்டு, இடது உள்ளங்கையில் ஒரு கோடு இழுப்பார். வெயிலில் நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். பிறகுதான் பிரஷ்ஷைத் தொடுவார். கை கழுவச் சொன்னால் சிரிப்பு. “இன்னாத்துக்கு சார்? நாளிக்கும் இதே பொழப்புதான.”

திருநின்றவூரில் புதிதாக எழும்பும் வீடுகளில் பாதிக்கு அவர் கைதான். சாரத்தில் ஏறிவிட்டால் சர்ச் பாட்டை உரக்கப் பாடுவார். குரல் உச்சிக்குப் போகும் இடத்தில் பிரஷ்ஷும் நின்றுவிடும். எல்லோரும் சந்தன நிறமே கேட்பதில் தீராத வருத்தம். “ஊரே மூஞ்சி கழுவாத மாரி கீது சார்.”

அவர் குடியிருப்பது லைன் வீட்டில். வரிசையாக ஆறு வாசல், ஆறும் வெளிர்நீலம். மனைவி ஞானகுமாரிக்குச் சர்க்கரை நோயில் பார்வை மங்கிவிட்டது. போன மாதம் கடைக்குப் போய்த் திரும்பியவர், தன் வீடு என்று பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அங்கே தூங்கிக்கொண்டிருந்த ஆள் பதறி எழுந்து “திருடி, திருடி” என்று கத்த, தெருவே கூடிவிட்டது. அன்றிலிருந்து ஞானகுமாரி வாசலைத் தாண்டவில்லை.

“நாலு தெரு சுத்தி வர்ற பொம்பள சார். செவுத்தையே பாத்துக்கினு குந்திகினு கீறா” என்று என்னிடம் சொன்னார் கிறிஸ்துதாஸ்.

ஒருநாள் வாசலில் நின்ற ஞானகுமாரி, எதிரே காலி மனையைக் காட்டி, “அங்க இன்னாமோ மஞ்சளா தெரியுதே” என்றாராம். புதராகப் பூத்திருந்த ஆவாரம்பூ. கிறிஸ்துதாஸ் ஒரு கொத்தைப் பறித்துக்கொண்டு பெயிண்ட் கடைக்கு ஓடினார். புடவைக் கடையில் ஆவாரம்பூ கலர் என்று கேட்டால் எடுத்துப் போடுவார்கள். பெயிண்ட் அட்டையில் அந்தப் பெயரே இல்லை. பூவின் நிறம் வரும்வரை கடைக்காரரை அவர் விடவில்லை. மறுநாள் கதவும் முன்சுவரும் பொன்மஞ்சளாயின. வீட்டு ஓனரை மட்டும் கேட்கவில்லை.

நான் அவரை வேலைக்குக் கூப்பிடப் போன மாலை, ஓனர் தட்சிணாமூர்த்தி பூட்டிய கதவை மறித்து நின்று கத்திக்கொண்டிருந்தார். “யாரைக் கேட்டுப்பா அடிச்ச? இது உன் வீடா, என் வீடா? பழையபடி நீலத்த அடி. இல்ல, காலி பண்ணு.”

“நாளிக்கே மாத்திட்றேன் சார்” என்றார் கிறிஸ்துதாஸ். “இன்னிக்கு ஒருநாள் உட்ருங்க. அந்தத் தகராறுக்கு அப்பால இன்னிக்குதான் தனியா கடைக்குப் போயிகீறா.”

ஓனர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தெருமுனையில் ஞானகுமாரி தெரிந்தார். கையில் பால் பாக்கெட். சுவரைத் தடவவில்லை, யாரையும் கேட்கவில்லை. நீல வாசல்களைத் தாண்டி, நேரே மஞ்சளை நோக்கி வந்தார். பார்த்துக்கொண்டே இருந்த தட்சிணாமூர்த்தி கதவை விட்டு ஒதுங்கினார். வண்டியைக் கிளப்பும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “வேற எவனாவது கேட்டா இந்தக் கலரை அடிச்சிடாத. இது ஒண்ணுதான் இருக்கணும்.”

ஞானகுமாரி இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் துழாவினார். உதவக் கை நீட்டிய கிறிஸ்துதாஸ், பாதியிலேயே இழுத்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.