இரண்டு சாய்கோடுகள்

மூன்று வான்கோழிகள், ஒரு மின்சார இஸ்திரிப்பெட்டி, தேவாலயச் சங்கத்தின் வெண்கலக் கோப்பை, ஆண்கள் மட்டுமே ஆடிவந்த பவுலிங் கூடத்தில் புதன்கிழமைதோறும் ஆட ஒரு தடம். தங்கை புரோன்யா வென்றவற்றை இந்த வரிசையில்தான் ஹாலினா சொல்வாள். யாராவது குறுக்கே பேசினால் வான்கோழியிலிருந்து மறுபடி தொடங்குவாள். "எல்லாம் இரவல் பந்துல ஜெயிச்சது. அவ விரல் அந்த ஓட்டையில சரியாவே நுழையாது," என்பதையும் விடமாட்டாள்.

புரோன்யா டிட்ராயிட்டை ஒட்டிய போலந்துக்காரர் ஊரான ஹாம்ட்ராமிக்கில் கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் ஆலைத் தொழிலாளி. மாலையானால் பவுலிங் கூடத்தில் பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்ப்பாள். உருட்டுமுன் ஊறவைத்த வெள்ளரிக்காய் ஒன்றைக் கடித்தாக வேண்டும். ஒற்றைக் கட்டை சாயாமல் நின்றால் அதனிடம் சண்டைக்குப் போவாள்: "என்னடா, வாடகை குடுத்துட்டா நிக்கிறே?" இன்றைக்கு ஊறுகாய் விளம்பரப் பலகைகளில் அவள் முகம் சிரிக்கிறது. அது வந்த கதை இது.

டிட்ராயிட் தொலைக்காட்சியின் சனிக்கிழமை ஆட்டத்துக்கு அவளை அழைத்தார்கள். புரோனிஸ்வாவா மவோலெப்ஷா என்ற பெயர்தான் அவர்கள் வாயில் நுழையவில்லை. 'பானி மலோய்' என்று மாற்றினால் ஆடலாம், இல்லாவிட்டால் இல்லை. "அயர்லாந்துப் பேரும்மா, ஊரே கைதட்டும்," என்றார் நிலையத்துக்காரர்.

ஆட்டச் சட்டைகளின் முதுகில் பெயர் தைப்பது ஹாலினாதான். போலந்து மொழியில் 'எல்' என்ற எழுத்தின் குறுக்கே ஒரு சாய்கோடு போட்டால்தான் அது 'வ'. இல்லாவிட்டால் வெறும் 'ல'. தங்கையின் பெயரில் அப்படி இரண்டு கோடுகள். கடைசித் தையலாக அவற்றைப் போடும்போது ஹாலினா மூச்சைப் பிடித்துக்கொள்வாள்.

"இங்கிலீஷ்ல எழுதினா இந்த மலோய்லயும் ரெண்டு எல் இருக்கு. ஒண்ணுக்குக்கூடக் கோடு இல்ல. அப்பா பேரு போயிடுமேடி."

"பேரு சட்டைக்குத்தானேக்கா? எனக்கா?"

ஹாலினா தைத்தாள். நேர்த்தியாகவே தைத்தாள். ஆனால் அந்தப் பெயர் பழகிப்போனால் தங்கை பழைய பெயருக்குத் திரும்பமாட்டாள் என்ற பயம் மட்டும் போகவில்லை.

நேரடி ஒளிபரப்பு. "பானி மலோய்" என்று அறிவிப்பாளர் அழைத்தார். யாரும் எழவில்லை. மறுபடி அழைத்தார். புரோன்யா கால்மேல் கால் போட்டு வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தாள்; ஊறுகாய்க் கம்பெனிக்காரர்கள் அவளைக் கண்டுகொண்டது அந்தக் காட்சியில்தான். "பாவம், அந்தப் பொண்ணு பஸ்ஸ விட்டுட்டா போல," என்று பக்கத்திலிருந்த எதிராளியிடம் அவள் சொன்னதை, அருகிலிருந்த மைக் வீடுவீடாகக் கொண்டுபோனது.

பார்வையாளர் வரிசையில் ஹாலினா எழுந்து நின்றாள். "அடியே புரோன்யா, அது நீதாண்டி."

கூடமே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே போய் ஆடி, கடைசிப் பந்தில் பத்துக் கட்டைகளையும் சாய்த்து வென்றாள்.

ரொட்டிக்கடை ஸ்டெஃபானியா அம்மாள் ஒரு கட்டையைக் கேட்டு வாங்கிவந்து, பேனாவோடு நீட்டினாள். "கையெழுத்துப் போடும்மா, கடையில வெக்கிறேன்." அதுவரை யாரும் புரோன்யாவிடம் கையெழுத்துக் கேட்டதில்லை. ஹாலினா பார்க்கத் துணியாமல் தங்கையின் கம்பளிச் சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"மலோய்னு எழுத இவ்ளோ நேரமா?" என்றாள் அம்மாள்.

ஹாலினா எட்டிப் பார்த்தாள். கட்டையைச் சுற்றி முழுப்பெயரும் ஓடியிருந்தது. பேனா திரும்பி வந்து ஒரு சாய்கோடு போட்டது, நகர்ந்துபோய் இன்னொன்று. ஹாலினா இரண்டையும் சரிபார்த்தாள்.

"தேதி போடலியேடி."

புரோன்யா கட்டையைக் கவிழ்த்து அடியில் எழுதினாள்: 9 பிப்ரவரி 1957.