கத்திரிக்காய் இன்னும் தோன்றவில்லை

சுந்தரவல்லி டீச்சருக்கு ஒரு வியாதி. எதைச் சொல்லிக்கொடுத்தாலும் கடைசியில் ஒரு நீதியை ஒட்டாமல் விடமாட்டார். செங்கல்பட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாகத் தமிழாசிரியை. விடுமுறை விண்ணப்பத்தின் கடைசி வரியில்கூட, 'காய்ச்சல் எல்லோரையும் சமமாக நடத்துகிறது' என்று எழுத வைத்தவர். இதோடு போயிருந்தால் ஊர் தாங்கியிருக்கும்.

வினை, தம்பி கிச்சா ரூபத்தில் வந்தது. அவன் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் டெக்னீஷியன். தொண்ணூற்றாறு பொங்கலுக்கு வந்தவன், மத்தியானம் கரண்ட் போய் டி.வி. அணைந்ததும் பொழுது போகாமல், அண்டம் வெடித்ததிலிருந்து ஆதிமனிதன் வரைக்கும் நடந்ததையெல்லாம் அக்காவிடம் சொன்னான். வாயை மூடிக்கொண்டு கரும்பு கடித்திருக்கலாம், படுபாவி! அக்கா அழுதேவிட்டார்.

"இத்தனை வருஷமா இதை ஏண்டா யாரும் என்கிட்ட சொல்லல?"

பள்ளியில் இதையெல்லாம் நடத்த முடியுமா? பாடத்தை முடித்தீர்களா என்று தலைமையாசிரியை தினமும் கழுத்தில் கத்தி வைப்பார். நல்லவேளையாக, கல்பாக்கம் குடியிருப்பு மன்றத்தில் வெளிமாநிலத்துக்காரர்களுக்குத் தமிழ் வகுப்பு எடுக்க ஆள் தேடினார்கள். கிச்சா அக்கா பெயரைக் கொடுத்தான். ஜூலையிலிருந்து சனிக்கிழமைதோறும் டீச்சர் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் ஏறினார்.

முதல் வாரம் பலகையில் எழுதினார்: 'தொடக்கத்தில் எதுவும் இல்லை.' நீதி, இல்லையென்று வருந்தாதே. இரண்டாம் வாரம் பெருவெடிப்பு. மூன்றாம் வாரம் ஹைட்ரஜன். அது அவசரப்படாமல் காத்திருந்ததால்தான் நட்சத்திரம் ஆயிற்று, ஆகவே நாமும் பஸ்ஸில் முண்டியடிக்கக் கூடாது. மாணவர்கள் எல்லாம் நாற்பது வயது எஞ்சினியர்கள், அவர்கள் மனைவிமார்கள். பயபக்தியோடு எழுதிக்கொண்டார்கள்.

அவர்களில் அதிதி கல்கத்தாக்காரி. ஐந்தாம் மாதம் பொறுக்கமாட்டாமல் கையைத் தூக்கினாள். "டீச்சர், கடையில் பிரிஞ்சால்... எப்படிக் கேட்பது?"

"பொறும்மா. கத்திரிக்காய் இன்னும் தோன்றவில்லை. இப்பதான் பாசி வந்திருக்கு."

மன்றச் செயலாளர் ராஜாராம் காதுக்கு இது போகாமல் இருக்குமா? மார்ச் மாதம் வாசலிலேயே டீச்சரை மடக்கினார்.

"எட்டு மாசம் ஆச்சு டீச்சர். ஒருத்தருக்கும் கடையில ஒரு சாமான் கேக்க வரல. கமிட்டியில என்னைக் கிழிகிழின்னு கிழிக்கிறாங்க. அடுத்த சனிக்கிழமை மார்க்கெட்லயே டெஸ்ட். தேறலைன்னா கிளாஸை மூடிட்டு அந்த ரூம்ல கேரம் போர்டு போட்டுடுவேன்."

வாரத்தில் அந்த ஒரு சனிக்கிழமை வகுப்புக்காகத்தான் டீச்சர் மற்ற ஆறு நாளைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஆனாலும் கொள்கை கொள்கைதானே?

"காய்கறிக் கடை வேண்டாம் சார். காய்கறியே இன்னும் வரல. மீன் வந்தாச்சு. மீன் கடைக்குப் போகலாம்."

வீட்டில் வெங்காயம்கூடச் சேர்க்காத அம்மாளின் வாயிலிருந்து வந்த வார்த்தை இது!

சனிக்கிழமை ராஜாராம் எல்லோரையும் மன்றத்து வேனில் ஏற்றி வந்து எல்லம்மாளின் மீன் கடை முன்னால் நிறுத்தினார். ஆறு வருஷமாக அவர் வாங்கும் கடை. டீச்சர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மூச்சையும் கொஞ்சம் அடக்கிக்கொண்டு நின்றார். அதிதி முன்னே வந்து கை கூப்பினாள்.

"அம்மையீர், வணக்கம். தொடக்கத்தில் எதுவும் இல்லை."

"இன்னாது, எதுவும் இல்லியா?" எல்லம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "கூடை ரொம்ப மீனு கீது, கண்ணு தெர்ல?"

"பிறகு ஒரு பெருவெடிப்பு நிகழ்ந்தது."

எல்லம்மாள் கையிலிருந்த கத்தி விழுந்தது. அணுமின் நிலையத்துக்காரர் வீட்டம்மா இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் பகீரென்காது? பக்கத்துக் கடைக்காரி கூடையைத் தலையில் ஏற்றிவிட்டாள்.

"ஐயையோ! எப்போ?"

"ஆயிரத்து ஐந்நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பு."

"அத்த மொதல்ல சொல்றதில்ல? பாதி உசுரு பூட்ச்சி எனக்கு!"

ராஜாராம் நோட்டைப் பிரித்து ஏதோ எழுதினார். போச்சு, கேரம் போர்டுதான் என்று டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். அதிதி மட்டும் அசரவில்லை. கூடையிலிருந்து ஒரு கொடுவாவை எடுத்தாள்.

"இம்மீன் எப்போது இறந்தது?"

"காத்தால புட்ச்சதும்மா. இப்பத்தான் துள்ளிக்கினு இருந்துச்சி."

அதிதி செவுளைத் தூக்கிப் பார்த்தாள். மீன் தின்றே வளர்ந்தவளிடமா இந்தக் கதை? ஆனால் திட்டுவதற்கு அவளிடம் வார்த்தை இல்லை. எட்டு மாதம் படித்ததில் இருந்ததைத்தான் எடுத்தாள். அதையும் உண்மையான வருத்தத்தோடு சொன்னாள்.

"அம்மையீர், நட்சத்திரங்கள்கூடப் பொய் சொல்லவில்லை. நீங்கள் ஏன் சொல்கிறீர்கள்?"

எப்பேர்ப்பட்ட வசவுக்கும் எல்லம்மாளிடம் நாலு பதில் தயாராக இருக்கும். இதற்கோ அவள் அந்தக் கொடுவாவை வாங்கித் தானே ஒருமுறை செவுளைத் தூக்கிப் பார்த்தாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"முந்தாநாள்துதாம்மா. ஐஸ்ல கெடந்துச்சி," என்று முணுமுணுத்தவள், கோணிக்கு அடியிலிருந்து பளபளவென்று வேறொரு மீனை உருவினாள். "இத்த எடுத்துக்க. இதான் காத்தால வந்தது."

ராஜாராமின் முகம் வெளுத்தது. "அப்போ ஆறு வருஷமா எனக்கு?"

"நீ எங்க அண்ணாத்த கேட்ட? ஃப்ரெஷ்ஷான்னுவ. ஃப்ரெஷ்ஷுன்னுவேன். எட்துகினு பூடுவ."

மனுஷர் குனிந்து அந்த முந்தாநாள் மீனை முகர்ந்து பார்த்தார். பிறகு நோட்டில் எழுதியதை அடித்துவிட்டு, "இன்னும் ஒரு வருஷம் நடத்துங்க டீச்சர்," என்றார். குரல் இறங்கியது. "நானும் வந்து கடைசி பெஞ்சுல உக்காரலாமா?"

டீச்சர் சந்தோஷத்தில் தலையைத் தலையை ஆட்டினார். அதற்குள் எல்லம்மாள் மீனைச் செதில் உரித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏம்மா, நீதான டீச்சரு? ஆதியில வெட்ச்சிதுன்னு சொல்லிட்டு அந்தம்மா பாதில வுட்ச்சே. அப்பால இன்னா ஆச்சி?"

இருபத்திரண்டு வருஷத்தில் அவரிடம் ஆயிரம் கேள்வி கேட்டிருக்கிறார்கள். இது பரீட்சைக்கு வருமா, மணி எப்போது அடிக்கும், எத்தனை மதிப்பெண். அப்புறம் என்ன ஆச்சு என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர் கேட்டதில்லை. சுந்தரவல்லி மூக்கிலிருந்து முந்தானையை எடுத்தார்.

"டீச்சர், வேன் கிளம்புது!" என்று ராஜாராம் கூப்பிட்டார்.

"நீங்க போங்கோ சார்," என்று சொல்லிவிட்டு, ஈரம் சொட்டும் ஐஸ் பெட்டியின் மேல் எல்லம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார் டீச்சர்.