ஒரே வீட்டுக்கு இரண்டு தரகு

நீங்கள் எப்போதாவது வீடு விற்றிருக்கிறீர்களா? விற்றிருந்தால் வந்து உட்காருங்கள், உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். இந்தத் தரகுத் தொழிலில் வீட்டைக் கூட்டித் துடைத்து வைப்பது நாம், படியேறி மூச்சு வாங்குவது வாங்க வருகிறவர், சம்பளம் மட்டும் நடுவில் நிற்கிறவருக்கு.

எங்களுக்கு வங்காளத்தில், கிடர்பூரில் மூன்றாவது மாடியில் சின்ன பிளாட். லிஃப்ட் கிடையாது. என் கணவருக்கு வேலை சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில். விடியுமுன் பாலம் தாண்டிப் போகிறவர் மகள் தூங்கின பிறகுதான் திரும்புவார். அவள் அப்பாவை வாராவாரம் வந்து போகும் விருந்தாளி என்று நினைக்க ஆரம்பித்துவிட்டாள். இது சரிப்படாது என்று சாந்த்ராகாச்சியிலேயே ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்தோம். துர்கா பூஜைக்குள் மீதியைக் கட்டாவிட்டால் வீடு வேறு ஆளுக்குப் போய்விடும், முன்பணமும் திரும்பாது என்று பில்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆக, பூஜைக்குள் கிடர்பூர் வீடு விற்றாக வேண்டும்.

டீக்கடை ஆபீஸ்

எங்கள் தெருமுனை டீக்கடை பெஞ்சுதான் தரகர் பொல்ட்டுதாவுக்கு ஆபீஸ். நான் அவரை தாதா என்பேன், அவர் என்னை பௌதி என்பார். அதாவது அவர் அண்ணன், நான் அண்ணி. உறவுமுறை சொல்லிக் கூப்பிடுகிற மனிதர் ஏதாவது சலுகை காட்டுவார் என்று நம்பிப் போய் நின்றேன். விற்கிற விலையில் இரண்டு சதவீதம் என்றார். வாங்குகிறவரிடமும் தனியாக இரண்டு. எங்கள் பங்கை மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு புது ஸ்கூட்டரே வாங்கிவிடலாம். எனக்கு வந்ததே கோபம்.

"ரெண்டு பக்கமும் காசு வாங்கினா நீங்க யாரோட ஆள், தாதா?" என்று கேட்டேன். மண்குவளையில் மிச்சமிருந்த டீயைக் குடித்து முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "நான் வீட்டோட ஆள், பௌதி. அதுக்கு வாய் இல்லையே, அதுக்காக நான் பேசறேன்."

தரகே இல்லாத தரகு

அதே கோபத்தோடு வீட்டுக்கு வந்து போனைத் திறந்தேன். ஓர் இணையதளம். 'தரகு கிடையாது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கீழே பொடி எழுத்தில் 'பேக்கேஜ்'. ஒரு வாஷிங் மெஷின் விலைதான். என் கணவர் மட்டும், "அவருக்கு வித்தப்புறம் குடுக்கணும், இவங்களுக்கு விக்கறதுக்கு முன்னாடியே குடுக்கணும். யோசிச்சுச் செய்" என்றார். ஸ்கூட்டரையும் வாஷிங் மெஷினையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கிற பொம்பளையிடம் இந்த நியாயம் எடுபடுமா? கட்டிவிட்டேன். அதற்கு மேல் வரியும் கட்டினேன்.

விற்காவிட்டால் பணம் திரும்பி வருமா என்று அப்புறம்தான் கேட்கத் தோன்றியது. போனில் இருந்த பெண் தேன் ஒழுகப் பேசினாள்: "மேடம், வித்துத் தர்றோம்னு நாங்க எங்கயுமே சொல்லலையே. உங்க வீட்டைக் காட்டறோம்னுதானே சொன்னோம்."

எங்களைச் சைவமாக்கியது யார்

காட்டினார்கள். லோன் வேண்டுமா என்று கேட்கிறவர்களும் சாமான் ஏற்றுகிற லாரிக்காரர்களும் ஓயாமல் கூப்பிட்டார்கள். வீடு வாங்க ஒருவரும் கூப்பிடவில்லை. கடைசியில் ஒரு குடும்பம் வந்தது. வாசலிலேயே மூக்கைச் சுளித்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டது. அன்று எங்கள் அடுப்பில் மீன் குழம்பு.

சந்தேகப்பட்டு எங்கள் விளம்பரத்தை நானே திறந்து வாசித்தேன். 'சைவக் குடும்பங்களுக்கு மட்டும்' என்று இருந்தது. நான் விருதுநகர் பக்கத்துக்காரி, கருவாடு வறுக்கிற வாசத்தில் வளர்ந்தவள். என்னை ஒரு வார்த்தை கேட்காமல், தென்னிந்தியப் பெயர் என்றதும் இவர்களாகவே எழுதிவிட்டார்கள். அதுவும் எந்த ஊரில்? காலையில் மீன் வாங்காவிட்டால் பொழுதே போகாத வங்காளிகள் ஊரில். இப்படி எழுதி வைத்தால் யார் வருவார்? போன் போட்டு நான் கத்தின கத்தலில் மகள் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அந்தப் பெண் சொன்னாள்: "எடிட் பண்றது உங்க பேக்கேஜ்ல வராது மேடம். மேல இருக்கற பேக்கேஜுக்கு மாறினீங்கன்னா உடனே செஞ்சுடலாம்."

அரிவாள்மனைக்கு இடம்

தினம் போன் போட்டுச் சண்டை பிடித்து அந்த வரியை எடுக்கவைத்தேன், மேல் பேக்கேஜ் எடுக்காமலே. அதற்குள் தெருவில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் நட ஆரம்பித்துவிட்டார்கள். நான் மூங்கிலையும் மிச்ச நாளையும் சேர்த்து எண்ணிக்கொண்டிருந்தேன். ஒருநாள் இணையதளத்திலிருந்து போன் வந்தது, நாளைக்கு நிஜமாகவே வாங்குகிற ஒருவர் வருகிறார், எங்கள் பிரதிநிதியே கூட்டி வருவார் என்று. மறுநாள் கதவைத் திறந்தால் பாலிகஞ்சிலிருந்து வந்த ஒரு மாஷிமா, நம் பேச்சில் சொன்னால் சித்தி வயதுப் பெண்மணி. அவருக்குப் பின்னால், கழுத்தில் அந்த இணையதளத்தின் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு பிரதிநிதி. யார் என்கிறீர்கள்? நம் பொல்ட்டுதா. இந்தப் பக்கத்தில் படியேற அவர்களுக்கு வேறு ஆள் இல்லையாம்.

மாஷிமா நேராகச் சமையலறைக்குப் போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். துறைமுகத்தில் வேலை பார்க்கும் மகனுக்குத்தான் வீடு, ஆனாலும் சமைக்கப் போவது அவராம். கைகளை இரண்டு பக்கமும் வீசிப் பார்த்தார், தண்ணீர் போகிற ஓட்டையைக் குனிந்து பார்த்தார். படுக்கையறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு சொன்னார்: "அரிவாள்மனை போட்டு உக்காந்து மீன் நறுக்க இடம் இருக்கு. விலையைச் சொல்லும்மா."

சாவி கைமாறிய நாள்

விலை படிந்தது. உடனே பொல்ட்டுதா இரண்டு சதவீதம் கேட்டுக் கையை நீட்டினார். தரகு இல்லை என்று சொல்லித்தானே வாஷிங் மெஷினைப் பிடுங்கினீர்கள் என்று நான் பிடித்துக்கொண்டேன். அது கம்பெனிக்குப் போனது, தனக்கு அதில் பஸ் காசுதான் வரும் என்றார் அவர். கம்பெனிக்குப் போன் போட்டால், எங்கள் பிரதிநிதி தனியாகக் கேட்பதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். அதற்குள் பொல்ட்டுதா மாஷிமாவிடம், அடுத்த தெருவில் இதைவிடப் பெரிய சமையலறை ஒன்று இருப்பதாகப் பேச்சை ஆரம்பித்தார். வெளியே பந்தலுக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தார்கள். என்ன செய்வேன்? பல்லைக் கடித்துக்கொண்டு பேரம் பேசி, ஒரு சதவீதத்தில் நிறுத்தினேன். பூஜைக்கு முன்பே சாந்த்ராகாச்சிக்கு மீதியைக் கட்டிவிட்டோம், வீடு எங்களுடையதாகிவிட்டது. ஆனாலும் இன்று நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

ஆகவே, தெருமுனைத் தரகு மலிவா, இணையத் தரகு மலிவா என்று என்னைக் கேட்டால், இரண்டுக்கும் படியேறி வருவது ஒரே ஆள்தான், முதலிலேயே டீக்கடைக்குப் போய் அவரிடமே பேரம் பேசிக்கொள்ளுங்கள் என்பேன். அன்று ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் மாஷிமாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்பினால், பொல்ட்டுதா தன் போனை என் கையில் திணித்தார்: "பௌதி, கோவிச்சுக்காதீங்க. அந்தக் கம்பெனி ஆப்புல எனக்கு அஞ்சு ஸ்டார் மட்டும் போட்டு விட்டுடுங்க."