எனக்குக் காய்ச்சல் இல்லை

ஆறாம் வகுப்பில் கணக்குப் பாடத்துக்கு நான் மூன்றாவது செட். அதற்குக் கீழே வேறு செட் கிடையாது. இதைச் சொல்வதில் எனக்கு அன்றும் வெட்கமில்லை, இன்றும் இல்லை. வெட்கமெல்லாம் என் வீட்டாருக்குத்தான். அதை மறைக்க அவர்கள் பட்ட பாட்டில் பாதியைப் பின்னக் கணக்குச் சொல்லித் தருவதில் பட்டிருந்தால் நான் முதல் செட்டுக்கே போயிருப்பேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் நுழைவுத் தேர்வு எழுதித்தான் இடம் வாங்க வேண்டும். ஒரு வருடம் முழுக்க அப்பா என்னைத் தயார் செய்தார். நான்கு விடைகளில் ஒன்றின் வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டிய தேர்வு அது. எந்த விடை சரி என்று எனக்கு எப்போதும் தெரியாது. ஆனால் எந்த மூன்று தப்பு என்று மோப்பம் பிடித்துவிடுவேன். அப்படித்தான் உள்ளே போனேன். வடக்கே, தலைநகரின் கிட்வாய் நகரில் எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக் முழுவதும் அம்மா லட்டு கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனையில் போதகர் என் பெயரைச் சொல்லி ஸ்தோத்திரம் செலுத்தினார். நான் எழுந்து நின்று எல்லோரையும் ஒரு முறை பார்த்துவிட்டு உட்கார்ந்தேன்.

எல்லா மகிழ்ச்சியும் இரண்டு வாரம்தான். பள்ளி திறந்த முதல் வாரமே கணக்கில் இன்னொரு தேர்வு வைத்தார்கள். பிள்ளைகளின் திறனைப் பார்த்து மூன்று செட்டாகப் பிரிப்பதற்கு. அதில் வட்டமும் இல்லை, கறுப்பாக்குவதும் இல்லை. பாதியில் முக்கால் பங்கு எவ்வளவு என்று படம் வரைந்து விளக்கச் சொன்னார்கள். நான் ஒரு ரொட்டியை வரைந்தேன். அதை எங்கே வெட்டுவது என்று தெரியாமல் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பருப்பும் வரைந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

செட்டுகளுக்கு தேவதாரு, தேக்கு, வேம்பு என்று மரங்களின் பெயர். இதில் உயர்வு தாழ்வு எதுவும் இல்லை, ஒவ்வொரு பிள்ளையும் அதனதன் வேகத்தில் வளர வேண்டும் என்பதற்காகத்தான் என்று சுற்றறிக்கை சொன்னது. பள்ளி வேனில் ஏறிய ஐந்தாவது நிமிடத்தில் யார் மேலே, யார் கீழே என்று டிரைவர் அண்ணனுக்குக்கூடத் தெரிந்துவிட்டது. நான் வேம்பு.

வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆயிற்று. அம்மாவின் போனில் பெற்றோர் குழு ஒன்று இருந்தது. அதில் தேவதாருவின் தாய்மார்கள் கைகூப்பும் பொம்மைகளாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வேம்பின் தாய்மார்கள் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. போதாக்குறைக்கு ஊரின் மறுகோடி துவாரகாவிலிருந்து மாமா போன் செய்தார். அவருடைய மகள் அதே பள்ளியில் ஒன்பதாவது, எப்போதுமே தேவதாரு. கீழ் செட்டில் விழுந்த பிள்ளை மேலே வந்ததை அவர் பார்த்ததே இல்லையாம். பதினொன்றாவதில் சயின்ஸ் குரூப் கேட்டால் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார்களாம். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

அம்மா அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். சயின்ஸ் குரூப் இல்லை என்றதும் அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இருவது வருசமா டாக்டருக்குப் பின்னால டிரேயைப் பிடிச்சிக்கிட்டு நிக்கேன். எம் பிள்ளையாவது முன்னால நிக்கும்னு பாத்தேன். ஆறாங்கிளாஸ்லயே கதவ அடைச்சிட்டாவளே" என்றாள்.

எந்தக் கதவு என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கு வேம்பு பிடித்திருந்தது. அங்கே யாரும் கையால் நோட்டை மறைத்துக்கொண்டு எழுதுவதில்லை. பழைய பள்ளியில் நான்தான் முதல் ரேங்க் என்பதால் ஐந்து வருடம் எனக்கு எதுவும் புரியாமல் போக உரிமையே இல்லாமல் இருந்தது. வேம்புக்கு வந்த மூன்றாம் நாள், கை தூக்கி, "சமஜ் மே நஹீ ஆயா" என்று வாய்விட்டுச் சொன்னேன். எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் எங்களுக்கும் புரியவில்லை என்றார்கள். எங்கள் கணக்கு மிஸ் சாக்பீஸை எடுத்து முதலிலிருந்து ஆரம்பித்தார். அன்று எனக்கு வந்த சந்தோஷம் லட்டு கொடுத்த நாளில்கூட வரவில்லை.

இதை வீட்டில் சொன்னேன். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அப்பா மத்திய அரசின் ஏதோ ஓர் அமைச்சகத்தில் வேலை பார்த்தார். என்ன வேலை என்று எனக்குத் தெரியாது. ஃபைல் பார்ப்பார், அவ்வளவுதான். மத்திய அரசு ஊழியருக்கு அநியாயம் நடந்தால் அவர் சண்டை போடமாட்டார், முறையீடு எழுதுவார். அப்பாவும் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு, எழுத உட்கார்ந்தார். பத்திக்குப் பத்தி எண் போட்டு, ஆங்கிலத்தில், தாழ்மையோடு. இணைப்பு ஒன்று, ஒன்றாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல். இணைப்பு ஐந்து, ஐந்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல். இணைப்பு ஆறு, ஞாயிறு பள்ளியில் பைபிளின் சங்கீதம் ஒன்றை ஒப்பித்ததற்கு நான் வாங்கிய சான்றிதழ். பின்னக் கணக்குக்கும் சங்கீதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அப்பாவிடம் யாரும் கேட்கவில்லை.

அம்மா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படித்தாள். "என்ன எழுதுதிய? மார்க் இருக்குன்னா சரி. பரீட்சை அன்னைக்கு ஏன் எழுதலன்னு கேட்டா?"

அப்பா பேனாவை மூடினார். அதற்கு அவரிடம் இணைப்பு இல்லை.

"காய்ச்சல்னு போடுங்க" என்றாள் அம்மா. "எங்க டாக்டர்ட்ட ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு வாரேன். எல்லாரும் செய்யதுதான?"

அப்பா வேண்டாம் என்றார். அம்மா துவாரகா மாமாவின் பெயரை எடுத்தாள். அப்பா மறுபடியும் வேண்டாம் என்றார். அம்மா அழ ஆரம்பித்தாள். அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில் எத்தனையோ பார்த்தவள் அவள். கடைசியில் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "எவ்வளவு காய்ச்சல்னு போடுவே?" என்று கேட்டார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உடனே நர்ஸாகிவிட்டாள். நூற்றியிரண்டு வேண்டாம், அவ்வளவு காய்ச்சலோடு ஏன் பள்ளிக்கு அனுப்பினீர்கள் என்பார்கள். நூறு போதும்.

"எனக்குக் காய்ச்சலே இல்லையே" என்றேன்.

"ஏட்டி, நீ சும்மா இரி" என்றாள் அம்மா.

புதன்கிழமை சான்றிதழ் வந்தது. அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். பிறகு முதலிலிருந்து மறுபடியும் படித்தார். அவருக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் அப்பா அரை நாள் லீவு போட்டுவிட்டு என்னோடு பள்ளிக்கு வந்தார். பஸ்ஸில் வரும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார். துணை முதல்வர் மேடம் உன்னிடம் ஏதும் கேட்க மாட்டார், கேட்டால் தலையை மட்டும் ஆட்டு. நான் அப்போதே தலையை ஆட்டவில்லை. அவர் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

துணை முதல்வர் மேடம் முறையீட்டைப் பொறுமையாகப் படித்தார். ஆறாவது இணைப்பு வந்தபோது அவர் உதடு லேசாகத் துடித்தது, ஆனால் சிரிக்கவில்லை. ஏழாவது இணைப்பான காய்ச்சல் சான்றிதழைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "பேட்டா, உஸ் தின் புக்கார் தா?" அன்றைக்குக் காய்ச்சலா என்று மிகவும் அன்பாகத்தான் கேட்டார்.

எனக்கு வேம்பின் மிஸ் சாக்பீஸை எடுத்தது ஞாபகம் வந்தது. தலையை ஆட்டினால் நாளை முதல் அந்த வகுப்பில் நான் இருக்க மாட்டேன். நோட்டை மறைத்துக்கொண்டு எழுதுகிறவர்களுக்கு நடுவில், எல்லாம் புரிந்த மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். அதுவும் வராத ஒரு காய்ச்சலின் பேரால்.

"நஹீ மேம்" என்றேன். காய்ச்சல் இல்லை, அந்தக் கணக்கு எனக்குத் தெரியவே இல்லை என்று இந்தியில் சொன்னேன். தேவையைவிடச் சத்தமாகத்தான் சொன்னேன். வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பியூன் எட்டிப் பார்த்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். இப்போது கணக்கு கொஞ்சம் கொஞ்சமாகப் புரிகிறது, நான் வேம்பிலேயே இருக்கிறேன் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அப்பாவின் காது மடல் சிவந்துவிட்டது. மேடம் நாகரிகமானவர். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு செட்டுகளை மறுபடி பார்ப்போம் என்றார். அப்பா எழுந்து நின்றார். முறையீடு இருக்கட்டும், அந்த ஒரு காகிதத்தை மட்டும் திருப்பித் தர முடியுமா என்று கேட்டார். மேடம் கொடுத்தார். அப்பா அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே கேட்டைத் தாண்டிப் போனார்.

சாயங்காலம் அம்மா ஆடித் தீர்த்துவிட்டாள். பெற்ற தகப்பனை ஊரார் முன்னால் பொய்யனாக்கிவிட்டேனாம். எனக்கும் கோபம் வந்தது. பொய் சொன்னது நானா? சொல்லச் சொன்னவர்களை விட்டுவிட்டு என்னைத் திட்டுவது என்ன நியாயம்? கணக்கு நோட்டின் அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் வேம்பு என்று பெரிதாக எழுதி, அம்மா கண்ணில் படுகிற மாதிரி சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். அப்பா ஒரு வாரம் என்னோடு அதிகம் பேசவில்லை. கோபம் என்று எடுத்துக்கொண்டேன். இருந்தால் இருக்கட்டும் என்று நானும் பேசவில்லை.

அரையாண்டில் தேக்குக்குப் போனேன். பதினொன்றாவதில் சயின்ஸ் குரூப் கேட்டேன், முகத்தைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். டாக்டராகவில்லை, அது வேறு கதை. இப்போது கட்டட வரைபடம் வரைகிறேன். பாதியில் முக்கால் பங்கு எங்கே வரும் என்று என்னைக் கேட்டால் கோடு போட்டுக் காட்டுவேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அப்பா ஓய்வு பெற்றார். அலுவலகத்தில் சமோசா, டீ, மாலை. குடும்பத்தோடு போயிருந்தோம். அவரோடு வேலை பார்த்த ஒரு பஞ்சாபிக்காரர் பேச எழுந்தார். அப்பா முப்பது வருடமாக அந்தப் பிரிவில் லீவு விண்ணப்பங்களைச் சரிபார்க்கிறவராம். எனக்கு அன்றுதான் தெரியும். போலி மெடிக்கல் சர்டிபிகேட் ஒன்றுகூட அவரைத் தாண்டிப் போனதில்லையாம். முத்திரையைப் பார்ப்பாராம், தேதியைப் பார்ப்பாராம், திருப்பியும் பார்ப்பாராம். "இவரிடம் காய்ச்சல் என்று போனால், காய்ச்சலையே கூட்டிக்கொண்டு வந்து கையெழுத்துப் போடச் சொல்லுவார்" என்றார். அறை முழுக்கச் சிரித்தது. இந்த மனிதரால் பிள்ளையின் கல்யாணத்துக்கு லீவு கிடைக்காதவர்கள்கூடச் சிரித்தார்கள்.

அப்பாவும் சிரித்தார், டீக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருடத்தில் அவர் தெரிந்தே கையில் எடுத்த ஒரே பொய்ச் சான்றிதழ் என் பெயரில் இருந்தது. அதை எனக்காக ஓர் அந்நியப் பெண்மணியின் மேஜை வரை சுமந்துகொண்டு வந்திருக்கிறார். அந்த அறையில் பொய்யோடு மல்லுக்கு நின்றது நான் ஒருத்திதான் என்று பதினோரு வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மேடம் இன்று கேட்டாலும் காய்ச்சல் இல்லை என்றுதான் சொல்வேன். அதில் எந்த மாற்றமும் இல்லை. சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை அப்பாவின் முகத்தைத் திரும்பிப் பார்ப்பேன்.