பதினைந்து அங்குல டயர் தேடி ஊவா மலைகளில்

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே செல்லமுத்துவின் வேனில் ஏறினேன். ஆண்டு 2003, மார்ச் மாதம். இரண்டு நாள் வாடகை நாலாயிரம் ரூபா, டீசல் அவருடையது. இன்றைக்கு ஸ்பிரிங்வெளியும் லுணுகலையும். தேவைப்பட்டால் நாளைக்குக் கொஸ்லந்தை. நோக்கம் நான்கு டயர் வாங்குவது. நான்கு டயருக்கு இரண்டு நாளா என்று கேட்பவர்களுக்கு என் மனைவியின் தம்பி வாகீசனைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும்.

வாகீசன் கொழும்பில் இருக்கிறான். வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுப்போன, கூரையில்லாத, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பந்தயக் கார் ஒன்று அவனிடம் உண்டு. அது அசல். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, பதுளையில் பல் வைத்தியனாக வேர்விட்டவன். என்னிடமும் அப்படி ஒரு கார் உண்டு. அது அசலைப் போன்றது. பதுளை கராஜ் ஒன்றில் பழைய சட்டத்தின் மேல் தகரம் அடித்து, ஜப்பான் எஞ்சின் பூட்டி, பல வருடமாகச் செய்வித்தது. முன்விளக்குகள் இரண்டும் அசலைவிட அழகு என்று நான் சொல்வேன். வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் மலைப்பாதையில் நடக்கும் கார் ஓட்டத்துக்கு இம்முறை நானும் பெயர் கொடுத்திருந்தேன். கொடுத்த பிறகுதான் வில்லங்கம் தெரிந்தது. என் காரில் இருந்தவை வேன் டயர்கள். மூட்டை சுமக்க நல்லவை, வளைவில் நிற்கத் தெரியாதவை. ஹாலி எலவுக்குப் பக்கத்தில் ஈர ரோட்டில் ஒரு திருப்பம் எடுத்தேன். கார் முழுதாகச் சுற்றி, வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றது. எனக்குத் தேவை பக்கச் சுவரில் '165 எச்ஆர் 15' என்று எழுதிய டயர். அகலம் 165 மில்லிமீட்டர், ரிம் பதினைந்து அங்குலம். நடுவில் உள்ள எச் என்ற எழுத்துத்தான் உயிர். வேகத்தைத் தாங்கும், ரோட்டைப் பிடிக்கும் என்பதற்கு அதுவே அடையாளம். கொழும்பிலும் கண்டியிலும் விசாரித்துவிட்டேன். இந்தச் சைஸில் வேன் டயர் தாராளம், எச் மட்டும் இல்லை.

வாகீசனுக்கு எச் டயர் லண்டனிலிருந்து நண்பன் ஒருவன் அனுப்பியிருந்தான். அவனுக்கு எல்லாம் தேடி வரும். நான்தான் எல்லாவற்றையும் தேடிப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் போன் எடுத்து, "அத்தான், டயர் எடுத்தாச்சோ?" என்று கேட்பான். குரலில் மரியாதைக்குக் குறைவிருக்காது. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். பொறாமை என்று சொல்வீர்கள். ஆமாம், பொறாமைதான், மறைக்க என்ன இருக்கிறது?

ஏழரைக்கு ஸ்பிரிங்வெளி. பதுளையிலிருந்து பத்துக் கிலோமீட்டர்தான், ஆனால் எல்லாம் ஏற்றம். தேயிலைத் தொழிற்சாலையில் தூள் தயாரிப்பைக் கவனித்து ஓய்வு பெற்ற டீமேக்கர் ஒருவரிடம் ஆமை போன்ற பழைய ஜெர்மன் கார் நிற்பதாகச் செல்லமுத்து சொல்லியிருந்தார். அதற்கும் பதினைந்து அங்குல டயர். டீமேக்கர் எங்களை வரவேற்று, கார் கொட்டகையைத் திறந்து காட்டினார். நான்கும் தேய்ந்து என் வழுக்கைத் தலைக்குப் போட்டியாக இருந்தன. "இதுக்கு முந்தி நல்லது ஒரு செட் போட்டிருந்தேங்க" என்று வீட்டு முன்பக்கம் கூட்டிப்போனார். பாதியாக அறுத்து, வெள்ளைப் பெயின்ட் பூசி, மண் நிரப்பிய டயர்களில் ரோஜாச் செடிகள் வரிசையாக நின்றன. பெயின்டுக்கு அடியில் எச் தெரிந்தது.

"எப்ப வெட்டினீங்கள்?" என்று கேட்டேன்.

"போன தீபாவளிக்குங்க. அம்மா ஆசைப்பட்டாங்க" என்று மனைவியைக் காட்டினார்.

அந்த அம்மா எனக்கு ஒரு ரோஜாப்பூ பறித்துத் தந்தார். ரோஜாச் செடியைப் பார்த்துப் பொறாமைப்பட்ட முதல் பல் வைத்தியன் நானாகத்தான் இருப்பேன். பூவை வேனின் கண்ணாடிக்கு முன் வைத்தேன். "டாக்டரய்யா டயர் தேடுறீங்களா, பொண்ணு தேடுறீங்களா? இம்புட்டு கொற சொல்றீங்களே" என்று செல்லமுத்து சிரித்தார்.

மீண்டும் பதுளைக்கு இறங்கி, பசறை வழியாக லுணுகலை போய்ச் சேரப் பதினொன்றரை ஆகிவிட்டது. பசறைக்கு அப்பால் ரோட்டில் குழி இல்லாத இடத்தை எண்ணுவது சுலபம். லுணுகலை சின்ன டவுன். அன்று சம்பளத்துக்கு அடுத்த சனிக்கிழமை. சுற்றுத் தோட்டத்துச் சனமெல்லாம் கருவாட்டுக் கடையிலும் துணிக்கடையிலும் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. பழைய டயருக்கு ரப்பர் ஒட்டிப் புதுசாக்கும் கடை சந்திக்குப் பக்கத்தில். முதலாளி ஒரு டயரை உருட்டிவந்து, "இதப் பாருங்க சார், புதுசு தோத்துரும். ஒன்னு ஆயிரத்து நானூறு" என்றார்.

"இதிலை நூறு கிலோமீட்டர் வேகத்திலை போனால் என்ன நடக்கும்?"

"அதெல்லாம் ஏன் சார் போகணும்?"

நியாயமான கேள்வி. என் மனைவியும் இதையே கேட்டிருக்கிறாள். நான் எச் எழுத்தைப் பற்றி விளக்கியதும் முதலாளி யோசித்து, கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தைச் சொன்னார். அங்கே முன்பு மேனேஜராக இருந்த பெரிய துரை சிவப்புப் பந்தயக் கார் வைத்திருந்தாராம். சிங்கப்பூரிலிருந்து டயர் எடுப்பித்த கையோடு வேறு தோட்டத்துக்கு மாற்றம் வந்துவிட்டதாம். "கார வித்தாரு சார். டயர விக்கல. அது தோட்டத்துலதான் இருக்கு, என் கண்ணால பாத்தேன்."

அந்தத் தோட்டத்தின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. இதைப் படித்துவிட்டு நீங்களும் புறப்பட்டுவிடக் கூடாது.

சந்தோஷத்தில் தொலைபேசிக் கடைக்குள் புகுந்து வீட்டுக்குப் பேசினேன். மனைவி எடுத்ததும், "தம்பி இப்பதான் போன் எடுத்தவன்" என்றாள். "அவனுக்கு இன்னொரு செட் வந்திட்டுதாம். பழசு நாலும் சும்மா கிடக்குதாம், அரைவாசிதானாம் தேஞ்சது. அத்தானுக்கு அனுப்பி விடட்டோ எண்டு கேட்டான். நான் ஓமெண்டு சொல்லிப்போட்டன்."

கண்ணாடிக் கூட்டுக்குள் எனக்கு வியர்த்தது. அவன் கழற்றிப் போட்டதை நான் மாட்டிக்கொண்டு, அவனுக்குப் பின்னாலேயே நுவரெலியா மலையில் ஏறுவதா? ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, முடிவில் வந்து என் முதுகில் தட்டி, "அத்தான், டயர் எப்பிடி?" என்று கேட்பானே! கொஸ்லந்தையில் சொந்தமாக ஒரு செட் எடுக்காமல் வீடு திரும்புவதில்லை என்று அங்கேயே முடிவு செய்துகொண்டேன்.

ஞாயிறு காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். பண்டாரவளையில் ரொட்டியும் பிளேன் டீயும், இருவருக்கும் முப்பத்தெட்டு ரூபா. அப்புத்தளையில் பனி வேனுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. பெரகலைச் சந்தியில் இடப்பக்கம் திரும்பியதும் தெற்கே சமவெளி முழுக்கத் திறந்துகொண்டது. வேறொரு நாளாக இருந்தால் இறங்கிப் பார்த்திருப்பேன். மாற்றிக் கொடுக்கவென்று முதல் நாள் திரும்பும் வழியில் வாங்கிய நான்கு புத்தம்புது வேன் டயர்கள் பின்னால் இருந்தன. அவற்றின் ரப்பர் வாசனையில் எனக்குக் காட்சி எதுவும் ஏறவில்லை.

தோட்டத்தின் மேற்கணக்கில், அதாவது மேல் டிவிஷனில், வேன் நின்றபோது மணி ஒன்பது. ஞாயிறு என்பதால் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களின் வாசல்களில் தலை உலர்த்துவோரும் துணி துவைப்போருமாக ஆட்கள். டயர் என்றதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கங்காணியும் கோயில் கமிட்டித் தலைவருமான பெரியசாமி, சட்டையை மாட்டிக்கொண்டே வந்தார்.

"டயரு இருக்குங்க. பாக்குறதுன்னா செருப்பக் கழட்டிட்டு வாங்க."

டயர் பார்க்கச் செருப்பு ஏன் கழற்ற வேண்டும் என்று புரியாமல் கழற்றினேன். மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. கதவைத் திறந்தார். உள்ளே அம்மனின் தேர் நின்றது. அதன் நான்கு சக்கரங்களிலும், குங்குமப் பொட்டுகளோடு, 165 எச்ஆர் 15.

குனிந்து விரலால் தடவினேன். பல் வைத்தியனின் விரல் பொய் சொல்லாது. ரப்பர் மெத்தென்று இருந்தது, வெடிப்பு ஒன்றுகூட இல்லை. வெயில் படாமல் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். வருடத்தில் ஒரே நாள், வைகாசியில், லயங்களைச் சுற்றி ஆள் நடக்கும் வேகத்தில் ஓடுகிறதாம்.

"முந்தி இரும்புச் சக்கரங்க. எறக்கத்துல தேர் கடகடன்னு ஓடி, இழுக்குறவங்க கால்ல ஏறப் பாத்துச்சு. தொரை போறப்ப, அம்மனுக்குன்னு சொல்லி இத மாட்டிக் குடுத்துட்டுப் போனாரு. இப்ப எந்த வளைவுலயும் சும்மா புடிச்சு நிக்கும்" என்றார் பெரியசாமி.

எந்த வளைவிலும் பிடித்து நிற்குமாம்! எனக்கு அழுகை வராத குறை. வாகீசனைப் பார்த்து, ரோஜாவைப் பார்த்துப் பொறாமைப்பட்டது போதாதென்று இப்போது மாரியம்மனைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன். வேனிலிருந்து புது டயர்களை இறக்கிக் காட்டினேன். நான்கும் தருகிறேன், தேருக்குப் புதுப் பெயின்டும் என் செலவு என்றேன். பெரியசாமி டயரைத் தட்டிப் பார்த்தார். ஆசை இல்லாமல் இல்லை.

"நம்ம சாமான்னா இந்நேரம் குடுத்துருப்பேன் டாக்டரய்யா. இது ஆத்தாளோடது. பூ வச்சுக் கேட்டுருவோம். வெள்ளப்பூ வந்தா நீங்க கழட்டிக்கங்க."

பூசாரி வாழையிலையில் இரண்டு பொட்டலம் கட்டினார். ஒன்றில் வெள்ளைப் பூ, மற்றதில் சிவப்பு. அம்மன் காலடியில் போட்டுக் குலுக்கினார். எடுப்பதற்குக் கூட்டத்திலிருந்து காமாட்சி என்ற கொழுந்து பறிக்கும் பெண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். நான் அத்தனை உருக்கமாக அதற்கு முன் எந்தச் சாமியையும் கும்பிட்டதில்லை. அம்மன் பதிலுக்கு என் காரில் பாதியைக் கேட்டிருந்தால்கூடக் கொடுத்திருப்பேன்.

சிவப்பு.

கூட்டம் மொத்தமாக மூச்சு விட்டது. அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவர்களும் பயந்துகொண்டுதான் நின்றிருக்கிறார்கள். "ஆத்தா எப்புடிங்க குடுப்பா? குடுத்துட்டா கீக்கணக்குக்காரன் நம்மளப் பாத்துச் சிரிக்க மாட்டானா?" என்றாள் காமாட்சி. கீழ்க்கணக்கு அதே தோட்டத்தின் கீழ் டிவிஷன், அங்கும் ஓர் அம்மன் கோயில் உண்டு. எல்லோரும் சிரித்தார்கள். பெரியசாமி என் கையைப் பிடித்து, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். சோறும் கருவாட்டுக் குழம்பும் பிரமாதமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு ருசி தெரியவில்லை.

இறங்கும் வழியில், கீழ்க்கணக்குத் திருப்பத்தில் ஒருவர் கைகாட்டி வேனை நிறுத்தினார். பெயர் மருதமுத்து, கீழ்க்கணக்குக் கோயிலின் தலைவர். செய்தி எங்களுக்கு முன்பே இறங்கியிருந்தது.

"மேக்கணக்குல குடுக்கலியாமே?"

"இல்லை."

"குடுக்க மாட்டாங்கய்யா. அவங்களுக்கு அந்த டயருல அம்புட்டுத் திமிரு. நம்ம தேரும் அவங்க தேரச் செஞ்ச ஆளு செஞ்சதுதான், அதே ரிம்முதான். ஆனா வேன் டயரு. ஒவ்வொரு வருசமும் வழுக்குது, மேல நின்னு பாத்துக்கிட்டு இருப்பாங்க." குரலைத் தாழ்த்தினார். "நீங்க டயரு தேடுறவரு. எங்கயாச்சும் அந்த மாதிரி ஒரு செட்டு ஆம்புட்டா, எங்க ஆத்தாளையும் நெனச்சுக்கங்க."

அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்ப்பதுதான்.

புதன்கிழமை ரயிலில் வாகீசனின் டயர்கள் வந்து சேர்ந்தன. பழுது சொல்ல முடியாத டயர்கள். அவனிடம் அதுதான் எனக்குப் பிடிக்காதது, பழுது சொல்லவே முடியாது. இரண்டு நாள் விறாந்தையில் கிடந்தன. போகவர அவற்றைப் பார்த்தேன். ஒரு டயரைத் தூக்கிக் காருக்குப் பக்கத்தில் சாய்த்தும் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. சனிக்கிழமை செல்லமுத்துவைக் கூப்பிட்டு நான்கையும் வேனில் ஏற்றினேன்.

"தம்பி ஆசையாய் அனுப்பினதை எங்கை கொண்டு போறியள்?" என்று மனைவி வாசலுக்கு ஓடிவந்தாள்.

"கோயிலுக்கு."

கோயிலுக்கு என்ற பிறகு யாரால் என்ன சொல்ல முடியும்?

ஏப்ரலில் நான் நுவரெலியாவுக்குப் போகவில்லை. வாகீசன் மூன்றாவதாக வந்தான். இரவு போன் எடுத்து, "என்ன அத்தான் வரேல்லை? டயர் சரியில்லையோ?" என்றான்.

"நல்ல டயர். நல்ல இடத்திலை ஓடப்போகுது" என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. சந்தோஷம் என்றான், உண்மையாகத்தான் சொன்னான். போனை வைத்த பிறகு, அசல் கார் அவனிடம் இருப்பதும் அவன் மூன்றாவதாக வந்ததும் எனக்கு முன்போலவே எரிந்தது. பயணமோ அம்மனோ அதைத் தீர்த்து வைத்ததாகச் சொன்னால் பொய்.

வைகாசித் திருவிழா முடிந்த மறுநாள் என் பல் வைத்திய நிலையத்துக்கு ஒரு போன். பெரியசாமி.

"என்னங்க டாக்டரய்யா, இப்புடிப் பண்ணிட்டீங்க? கீக்கணக்குத் தேரு எறக்கத்துல ஆடாம அசையாம வந்து நிக்குது. மருதமுத்து என்னையப் பாத்து மீசைய முறுக்குறான். எனக்கு ராத்திரி பூராத் தூக்கமில்ல, தெரியுமா? வயிறு எரியுதுங்க."

நாற்காலியில் ஒருவர் வாயைப் பிளந்தபடி காத்திருந்தார். அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, நான் கதவைச் சாத்தினேன்.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ, பெரியசாமி. அவசரமில்லை, ஆறுதலாச் சொல்லுங்கோ" என்றேன்.