ஆடு தின்ற மிச்சம்

எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளையைப் போல ஒரு தொல்லை எந்த வீட்டிலும் கிடையாது. மூன்றாம் வகுப்பில் நான் அந்தத் தொல்லையாக இருந்தேன். தீப்பெட்டி, பஸ்ஸின் முதுகு, கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகள், எதையும் விட்டுவைப்பதில்லை. அம்மா காதைப் பொத்திக்கொள்வாள். அலுக்காமல் கேட்ட ஒரே ஆள் பெரியப்பாதான்.

பெரியப்பா, அப்பாவின் அண்ணன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தகப்பன் இல்லாத வீட்டில் தம்பியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுத் தான் ஏர் பிடிக்கப் போனவர். தம்பி படித்துக் காரைக்குடியில் குமாஸ்தா ஆனார். அண்ணன் கண்மாய்க்குக் கீழே இருந்த துண்டு வயலோடு நின்றுவிட்டார். கல்யாணமும் கட்டிக்கொள்ளவில்லை, எங்களோடுதான் இருந்தார். தம்பியிடம் ஒரு நாளும் கை நீட்டியதில்லை என்பதில் அவருக்கு ஒரு வீம்பு உண்டு.

அவருக்குச் சர்க்கரை இருந்தது. அந்த வருஷம் காலில் கருவேல முள் ஏறிப் புண்ணாகி ஆறாமல் கிடந்தது. தினமும் காலையில் என்னைச் சைக்கிள் கேரியரில் வைத்துக்கொண்டு கிளம்புவார். மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரியும் விலக்கில் இருந்த சின்ன அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்சம்மா புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டு, மாத்திரையும் கொடுத்து அனுப்புவார். எல்லாம் இலவசம். பிறகு என்னைக் கல்லல் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வயலுக்குப் போவார்.

அதைத் தர்மாஸ்பத்திரி என்றுதான் ஊரில் சொல்வார்கள். தர்மம் எத்தனை நாளைக்கு நடக்கும் என்ற சந்தேகமும் அந்தப் பேரோடு சேர்ந்தே வந்தது. மூடப்போகிறார்கள், தனியாருக்குக் கொடுக்கப்போகிறார்கள், இனி கட்டுக்கும் காசு என்று டீக்கடையில் ஆளுக்கொரு சேதி சொன்னார்கள். பெரியப்பா டீயை ஆற்றியபடி கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் காலை ஆஸ்பத்திரிச் சுவரில் புது நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மைதாப் பசையின் ருசி கண்ட ஆடு ஒன்று எங்களுக்கு முன்பே வந்து கீழ்ப்பாதியைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. மிச்சத்தை நான் கேரியரில் உட்கார்ந்தபடியே வாசித்தேன்.

"ஒன்றாம் தேதி முதல் சர்க்கரை நோயாளிகளுக்கு மாத்திரை, புண் கட்டுதல் ஆகியவை கட்டண..."

அந்த இடத்தில் காகிதம் முடிந்துவிட்டது. எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கோடிட்ட இடத்தை நிரப்புவதில் வகுப்பிலேயே நான்தான் முதல். ஒரு 'ம்' போட்டுக் 'கட்டணம்' என்று முடித்தேன்.

பெரியப்பா ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார்.

"எம்புட்டுன்னு போட்டிருக்கு, ஆத்தா?"

"அதை ஆடு தின்னுருச்சு பெரியப்பா."

உள்ளே நர்சம்மாவின் பேச்சுச் சத்தம் கேட்டது. நாலு எட்டு வைத்தால் கேட்டிருக்கலாம். அவர் சைக்கிளைத் திருப்பினார்.

"வீட்ல ஒன்னுஞ் சொல்லிக்கிறாத. ஒங்கப்பன் சங்கடப்படுவான்."

நான் சொல்லவில்லை. ரகசியம் காப்பதில் எனக்கு ஒரே பெருமை. அதற்குப் பிறகும் நாங்கள் அதே நேரத்துக்குத்தான் கிளம்பினோம். ஆஸ்பத்திரி வருவதற்கு முன்பே கண்மாய்க் கரைப் பாதையில் திரும்பிவிடுவோம். அங்கே அவர் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசி, பழைய வேட்டித் துணியால் கட்டிக்கொள்வார். துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வது என் வேலை. வீட்டில் பார்த்தவர்களுக்குக் கட்டு தினமும் வெள்ளை வெளேரென்று இருந்தது.

இரண்டு மாதம் அப்படி ஓடியது. ஒரு நாள் பெரியப்பா காய்ச்சல் கண்டு எழுந்திருக்கவில்லை. துணியை அவிழ்த்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். சிவகங்கை பெரியாஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

"வாசலைத் தாண்டித்தானே போறீக. ஏண்ணே உள்ள போகல?" என்று அப்பா கேட்டார். அப்பா அழுததை அன்றுதான் பார்த்தேன்.

"சோம்பேறித்தனந்தான், வேறென்ன" என்றார் பெரியப்பா.

நான் வாயைத் திறந்தேன். அவர் என் தலையில் கை வைத்து அழுத்தினார். ரகசியத்தை இன்னும் காக்கச் சொல்கிறார் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

ஒற்றைக் காலோடு அவர் நெடுநாள் இருந்தார். போன வருஷம்தான் போய்ச் சேர்ந்தார். முப்பதாம் நாள் பூசைக்கு அந்த நர்சம்மா வந்திருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, தலை நரைத்திருந்தார்.

"நல்ல மனுசன். கட்டணமில்லாம வீட்டுக்கே வந்து கட்டுப்போடுவோம்னு நோட்டீஸ் ஒட்டியிருந்தோம், அத ஆடு தின்னுபோச்சு. ஆளக் காணோமேன்னு பாத்தேன். தம்பி காரைக்குடியில வச்சுப் பாக்குறாகபோலன்னு விட்டுட்டேன். விட்டிருக்கக் கூடாது. ஆபரேசன் முடிஞ்ச மறுநாள் போய்ப் பாத்தப்பத்தான் சொன்னாரு, காசு கேப்பீகன்னு நெனச்சேன்னு. யாருய்யா ஒங்களுக்கு அப்புடி வாசிச்சுச் சொன்னதுன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"யாரோ வழியில போனவுகன்னாரு."

அந்த ஆஸ்பத்திரி இன்னும் இருக்கிறது. நர்ஸ் வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறார். டீக்கடையில் அதே சேதிகள்தான், ஆள்தான் வேறு. இப்போது அறிவிப்பைப் பிளக்ஸில் அடித்து வைக்கிறார்கள், ஆடு தின்னாது. ஊருக்குப் போகும்போதெல்லாம் இறங்கி அதை முழுக்க வாசிக்கிறேன். போன முறை வைத்திருந்ததில் கட்டணம் என்றும் இல்லை, கட்டணமில்லை என்றும் இல்லை. உள்ளே போய் விசாரித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

அன்று சிவகங்கை வார்டில், நர்சம்மா வந்துபோன நாள் சாயங்காலம், பெரியப்பா எனக்கு ஆஸ்பத்திரி ரொட்டியைப் பாலில் நனைத்துக் கொடுத்தார். எதிர்ச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு பலகை இருந்தது. நான் சும்மா இருப்பேனா? "இங்கு அளிக்கப்படும் சிகிச்சைகள் அனைத்தும் கட்டணமில்லாதவை" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி வாசித்தேன்.

பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இன்னொருக்கா வாசி, ஆத்தா."

வாசித்தேன். அவர் மறுபடியும் கேட்டார், நான் மறுபடியும் வாசித்தேன். என் வாசிப்பு அவருக்கு அவ்வளவு பிடித்துப்போய்விட்டது என்று நினைத்து, மூன்றாம் தடவை இன்னும் சத்தமாக வாசித்தேன்.