ஒரு லாரி கல்

சாத்தாங்காட்டில் என் இரும்புக் கிடங்கில் விற்பனைக்கு இல்லாத சரக்கு ஒன்றே ஒன்றுதான். கல்லாவுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நிற்கும் ஒரு சிலுவை. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனாலும் இரும்பைத் தட்டிப் பார்த்தே அதன் வயதைச் சொல்லிவிடுவேன். இன்ஜினியர்களே வந்து என்னிடம் கேட்டுப் போகிறார்கள். அந்தச் சிலுவையை மட்டும் நான் தட்டிப் பார்ப்பதில்லை.

அறுபதுகளின் கடைசியில் அது திருவொற்றியூர்க் கரையில் ஒரு குருசடியின் உச்சியில் இருந்தது. மாதா சொரூபம் வைத்த சின்னக் கட்டடம். கூப்பிடு தூரத்தில் எங்கள் தெருவின் அம்மன் கோயில். மாதாவுக்கும் பட்டுப்புடவை, அம்மனுக்கும் பட்டுப்புடவை. வெளியூர்க்காரன் பார்த்தால் அக்கா தங்கை என்பான். ஐப்பசிக்கு ஐப்பசி கடல் கரையைத் தின்றுகொண்டே வந்தது. அந்த வருஷம் அலை இரண்டு வாசலையும் தொட்டதும், மீனவர் தெருவும் எங்கள் தெருவும் சேர்ந்து கருங்கல் வரவழைத்தோம். ஒரு லாரிதான் வந்தது. பிரித்துக் கொட்டினால் இரண்டுக்குமே உதவாது.

"எங்கப்பா கொட்றது?" என்று டிரைவர் கேட்டதுதான் தாமதம், இரண்டு தெருவும் லுங்கியை மடித்துக் கட்டிவிட்டது. அப்போது நடுவில் வந்து நின்றவர் உபதேசியார். பாதிரியார் வராத நாட்களில் குருசடியில் ஜெபம் சொல்லிவைப்பவர். அதுதான் அவர் பிழைப்பு, மரியாதை எல்லாம். எங்கள் பூசாரியிடம் கேட்டார்:

"அம்மன பேத்து வேற எடத்துல வெக்க முடியாதா?"

"நட்ட கல்லு உபதேசியாரே. நாள் பாத்து, கலசத்துல எறக்கித்தான் எடுக்கணும். சும்மா கை வெச்சா தெருவே பூடும்."

உபதேசியார், கல் இறக்க நின்ற என் பக்கம் திரும்பினார். "எங்க மாதாவ நாலு பேர் தூக்கிகினு பூடலாம். கல்ல கோயிலாண்ட எறக்கு நைனா."

அன்று அவர் பேச்சை யாரும் தட்டவில்லை. பாதிக் கல்லை இறக்கியது இந்தத் தோள்தான்; அப்போது எனக்கு ஈடு கரையிலேயே கிடையாது. அந்த வாரமே குருசடி கடலுக்குள் உட்கார்ந்தது. அலை துப்பிய சிலுவை வளைந்திருந்தது. பட்டறையில் வேலை பார்த்த என்னிடம் உபதேசியார் அதைத் தந்து, "நிமுத்தி வை, புதுசு கட்றப்போ வாங்கிக்கிறேன்" என்றார்.

புதிது கட்டவில்லை. "இன்னா உபதேசியாரே, மாதா உன் வூட்ல வாடகைக்கு கீறாங்களா?" என்று சொந்த ஜனமே கேட்டது. சொரூபத்தை அவர் குடிசையிலிருந்து ராயபுரம் சர்ச்சுக்குத் தூக்கிப் போனார்கள். ஜெபம் சொல்ல வேறு ஆள் வைத்தார்கள். அவர் பெண்ணுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தமும் நின்றுபோனது.

அடுத்த ஐப்பசியில் கடல் நாங்கள் கொட்டிய கல்லைத் தொடவே இல்லை. பக்கவாட்டில் சுற்றி வந்து, பின்சுவரைச் சாய்த்து, அம்மனை வாரிக்கொண்டு போனது. பூசாரி மணலில் விழுந்து அழுதார். உபதேசியார் அந்தக் கற்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப இன்னாத்துக்கு நைனா கொட்னோம்?"

பிறகு அவர் கரைப் பக்கம் வரவே இல்லை. அவர் செத்த சேதி, அடக்கம் முடிந்த பிறகுதான் எனக்கு வந்தது.

இன்று அந்தக் கரை நெடுகக் கருங்கல் மலை. பெரும்பாலும் என் லாரிகள் கொட்டியதுதான். அலை ஒரு அடி உள்ளே வர முடியாது. கல்லுக்கு இந்தப் பக்கம் கன்டெய்னர் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. கோயிலும் இல்லை, குருசடியும் இல்லை.

சிலுவையை அன்றைக்கே நிமிர்த்திவிட்டேன். வாங்கிப் போகத்தான் ஆள் வரவில்லை.